ஸ்பெயின்காரங்க பேரை ஃபார்ம்ல வாங்குறது எப்படி, டேட்டாபேஸ்ல வைக்கிறது எப்படி: அடிபட்டவன் எழுதுற வழிகாட்டி

நாங்க ஏழு பேர் இருக்கிற சின்ன டீம், சம்பளக் கணக்கு போடுற சாஃப்ட்வேர் பண்றோம். ஸ்பெயின்ல ஹோட்டல் நடத்துற ஒரு கிளையன்ட் கிடைச்சாங்க, அறுநூறு சொச்சம் ஊழியர்கள். எங்க டேபிள்ல ஏற்கெனவே ஃபர்ஸ்ட் நேம், மிடில் நேம், லாஸ்ட் நேம்னு மூணு ஃபீல்டு இருந்துச்சு. அவங்க அனுப்பின எக்ஸெல்ல பேர் மொத்தமா ஒரே கட்டத்துல இருந்துச்சு. நான் என்ன பண்ணேன், முதல் வார்த்தை ஃபர்ஸ்ட் நேம், கடைசி வார்த்தை லாஸ்ட் நேம், நடுவுல கிடக்கிறதெல்லாம் மிடில் நேம்னு பதினஞ்சு வரியில ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி ஓட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

செப்டம்பர்ல பண்ண வேலை, ஜனவரியில வெடிச்சுது. வருஷாந்திர வரி ஃபைல் அனுப்புற நேரம். போன் கால்ல அந்தப் பக்கத்து ஹெச்ஆர் அம்மா ரொம்ப அமைதியா சொன்னாங்க: "உங்க சாஃப்ட்வேர் எங்க ஆளுங்க எல்லாருக்கும் அப்பா வழிப் பேரை எடுத்துட்டு அம்மா வழிப் பேரை மட்டும் வச்சிருக்கு." எங்க லீட் மியூட் போட்டுட்டு என் பக்கம் திரும்பி, "தம்பி, அந்த ஸ்க்ரிப்ட் நீதானே எழுதின?"ன்னார். அதுக்கப்புறம் மூணு வாரம் நான் வேற எந்த வேலையும் பாக்கல. அந்த மூணு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும்னுதான் இதை எழுதுறேன்.

1. கோடு எழுதறதுக்கு முன்னாடி பேரைப் படிக்கக் கத்துக்கோங்க

ஒரு கற்பனைப் பேர் எடுத்துக்குவோம்: ஹோசே லூயிஸ் கார்சியா லோபெஸ். இதுல ஹோசே லூயிஸ் ரெண்டும் சேர்ந்துதான் சொந்தப் பேர். கார்சியா முதல் சர்நேம், லோபெஸ் ரெண்டாவது சர்நேம். வழக்கமா முதல் சர்நேம் அப்பாவோட முதல் சர்நேம்ல இருந்து வரும், ரெண்டாவது அம்மாவோட முதல் சர்நேம்ல இருந்து வரும். மிடில் நேம்னு ஒண்ணு அங்க கிடையவே கிடையாது, அந்த வார்த்தையை இந்த வேலை முடியுற வரைக்கும் மறந்துடுங்க.

இவரை சுருக்கிக் கூப்பிடணும்னா சென்யோர் (நம்ம மிஸ்டர் மாதிரி) கார்சியா. லோபெஸ் இல்ல. என் ஸ்க்ரிப்ட் அத்தனை பேரையும் லோபெஸ் ஆக்கிச்சு.

கல்யாணம் ஆனா பொண்ணுங்க சர்நேம் மாறாது. அப்போ புருஷன், பொண்டாட்டி, பிள்ளை மூணு பேருக்கும் மூணு விதமான சர்நேம் ஜோடி. அப்பா கார்சியா லோபெஸ், அம்மா ரூயிஸ் மோரா, பிள்ளை கார்சியா ரூயிஸ். கூடப் பிறந்தவங்களுக்கு மட்டும்தான் ரெண்டும் அப்படியே ஒத்துப்போகும். "ஒரே லாஸ்ட் நேம் இருந்தா ஒரே குடும்பம்"னு எங்கயாவது லாஜிக் வச்சிருந்தீங்கன்னா இப்பவே தூக்கிடுங்க.

இனி சிக்கல் பிடிச்ச ரகங்கள். "தெ லா ஃபுவெந்தே" மூணு வார்த்தை, ஆனா ஒரு சர்நேம். "ஃபெர்னாந்தெஸ் தெ கோர்தோபா"வும் ஒண்ணுதான். ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸோட முழுப்பேர் பெத்ரோ சான்செஸ் பெரெஸ்-காஸ்தெஹோன், அதுல ரெண்டாவது சர்நேமே ஹைஃபன் போட்ட கூட்டுப் பேர். 1906-ல மருத்துவத்துக்கு நோபல் வாங்கின சாந்தியாகோ ரமோன் இ கஹால் பேர்ல ரமோன்ங்கிறது சர்நேம், நடுவுல வர்ற "இ"க்கு "மற்றும்"னு அர்த்தம். ரமோன்னு ஆளுக்கும் பேர் வைக்கிறாங்க, அதனால கம்ப்யூட்டர் விடுங்க, மனுஷனே ஏமாறுவான். கத்தலான் (ஸ்பெயின்லயே பேசுற இன்னொரு மொழி) பேர்கள்லயும் இதே மாதிரி "இ" வரும், எழுத்து மட்டும் வேற, கட்டடக் கலைஞர் கௌதியோட முழுப்பேர் அந்தோனி கௌதி இ கொர்னெட்.

எல்லாரும் முதல் சர்நேமால தான் அறியப்படுறாங்கன்னும் நினைச்சுடாதீங்க. பிக்காஸோவுக்கு முதல் சர்நேம் ரூயிஸ், பிக்காஸோ அம்மா வழி. முன்னாள் பிரதமர் ரொத்ரீகெஸ் ஸபதேரோவை ஊரே ஸபதேரோன்னுதான் சொல்லும், ஏன்னா ரொத்ரீகெஸ்னு கூப்பிட்டா தெருவுக்குப் பத்துப் பேர் திரும்பிப் பாப்பாங்க. கார்சியாவை முதல் சர்நேமா வச்சிருக்கவங்க மட்டும் ஸ்பெயின்ல 14 லட்சத்துக்கும் மேல.

2. ஃபார்ம்ல மூணு பெட்டி, லேபிள்ல கவனம்

பெட்டி ஒண்ணு: நோம்ப்ரே, அதாவது சொந்தப் பேர். ரெண்டு: ப்ரிமேர் அபெயீதோ, முதல் சர்நேம். மூணு: செகுந்தோ அபெயீதோ, ரெண்டாவது சர்நேம். அவ்வளவுதான்.

லேபிள்ல "அப்பா சர்நேம்", "அம்மா சர்நேம்"னு எழுதாதீங்க. நாங்க எழுதினோம், நம்ம ஊர் ஃபார்ம்ல எல்லாம் "தகப்பனார் பெயர்"னு பாத்துப் பழகின கை. ஸ்பெயின்ல பெத்தவங்க வரிசையை மாத்தி வைக்கலாம்னு 1999-லயே சட்டம் வந்தாச்சு, 2017 ஜூன் 30-ல இருந்து அப்பா பேருக்கு இருந்த தானியங்கி முன்னுரிமையும் போயிடுச்சு, பெத்தவங்களே எது முதல்னு சொல்லணும். ரெண்டு அம்மா இருக்கிற குடும்பமும் இருக்கு, ஒரே ஆள் வளர்க்கிற பிள்ளையும் இருக்கு. "முதல்", "ரெண்டாவது" இது போதும், யாரையும் நோகடிக்காது. மெக்ஸிகோவுக்குப் பண்றீங்கன்னா அங்க அரசு ஃபார்ம்லயே பதெர்னோ, மதெர்னோன்னு தந்தை வழி, தாய் வழின்னு போட்டுப் பழகியிருப்பாங்க, அதனால நாட்டைப் பொறுத்து லேபிள் மாறுற மாதிரி வச்சுக்கோங்க, உள்ள ஃபீல்டு பேர் மட்டும் மாறாம இருக்கட்டும்.

ரெண்டாவது சர்நேம் கட்டாயம்னு ஸ்டார் போடாதீங்க. ஸ்பெயின்ல வேலை பாக்கிற வெளிநாட்டுக்காரங்க நிறையப் பேருக்கு ஒரே சர்நேம்தான். எங்க கிளையன்ட் ஹோட்டல் கிச்சன்லயே நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தார், அவர் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டமே காலி, பேர் மட்டும்தான். நம்ம இனிஷியல் கதை உங்களுக்கே தெரியுமே, "லாஸ்ட் நேம் இஸ் மேண்டேட்டரி"ன்னு சிவப்பு எழுத்துல திட்டு வாங்காத தமிழன் உண்டா? அதே திட்டை இன்னொருத்தருக்குக் குடுக்காதீங்க. "எனக்கு ரெண்டாவது சர்நேம் இல்லை"ன்னு ஒரு டிக் பாக்ஸ் வைங்க. அப்போதான் வேணும்னு காலியா விட்டதும் மறந்து விட்டதும் பிரிஞ்சு தெரியும்.

இதுல ஒரு பொறி இருக்கு, எங்களுக்கு ரெண்டு மாசம் கழிச்சுதான் புரிஞ்சுது. பிரவுசர் தானா நிரப்புற வசதிக்கு எச்டிஎம்எல்ல கிவன்-நேம், ஃபேமிலி-நேம்னு அடையாளம் இருக்கு, ஆனா ரெண்டாவது சர்நேமுக்குன்னு எதுவும் கிடையாது. அதனால பிரவுசர் "கார்சியா லோபெஸ்"னு ரெண்டையும் முதல் சர்நேம் பெட்டிக்குள்ளயே திணிச்சுட்டு மூணாவதைக் காலியா விட்டுடும், ஆளும் கவனிக்காம சேவ் அடிச்சுடுவார். முதல் சர்நேம் பெட்டியில ரெண்டு வார்த்தை இருந்து மூணாவது காலியா இருந்தா, தடுக்காதீங்க, "ரெண்டும் ஒரே சர்நேமா?"ன்னு ஒரு கேள்வி மட்டும் கேளுங்க.

கடைசியா, "எப்படிக் கூப்பிடணும்?"னு நாலாவதா ஒரு பெட்டி, விருப்பம் இருந்தா நிரப்பலாம். ஃப்ரான்சிஸ்கோவை பாக்கோம்பாங்க, ஹோசேவை பெபேம்பாங்க, இக்னாசியோ நாச்சோ ஆயிடுவார். சட்டப்படியான பேரை மூணு பெட்டியில விட்டுட்டு செல்லப் பேருக்கு ஒரு இடம் குடுத்துட்டா, ஆளுங்க ஒண்ணுல இன்னொண்ணைப் போட்டுக் குழப்ப மாட்டாங்க.

3. வேலிடேஷன்: எதைத் தடுக்கக் கூடாதுன்னு பாருங்க

குறைஞ்சது மூணு எழுத்துன்னு வச்சிருந்தீங்கன்னா எடுங்க. 1873-ல ஸ்பெயினோட முதல் குடியரசுக்குத் தலைவரா இருந்தவர் பேர் பி இ மார்கால், முதல் சர்நேம் "பி", லத்தீன் எழுத்துல ரெண்டே எழுத்து. அவர் இன்னிக்கு வந்தா உங்க ஃபார்ம் அவரை வெளிய நிறுத்திடும்.

ஆங்கிலத்தோட 26 எழுத்து மட்டும்னு ரெகெக்ஸ் (எந்த எழுத்து வரலாம்னு சொல்ற வடிவ விதி) வச்சிருந்தா அதுவும் போகணும். மேல சாய்வுக்கோடு போட்ட உயிரெழுத்து அஞ்சு, ரெண்டு புள்ளி வச்ச யூ, ஆங்கில என் எழுத்து தலையில அலைக்கோடு போட்ட மாதிரி இருக்கிற எஞே, கத்தலான்ல வால் வச்ச சி, ரெண்டு எல் நடுவுல வர்ற நடுப்புள்ளி, "தோர்ஸ்" மாதிரி பேர்ல வர்ற மேற்கோள் குறி, ஹைஃபன், ஸ்பேஸ், எல்லாத்தையும் விடணும். அப்புறம் மரியாவைச் சுருக்கி எழுதும்போது எம்முக்குப் பக்கத்துல மேல குட்டியா ஒரு ஏ போடுவாங்க பாருங்க, அதையும். யூனிகோட்ல "எழுத்து"ன்னு இருக்கிற எதையும் விடு, எண்ணையும் கோணக் குறிகளையும் தடுன்னு வச்சுட்டா வேலை முடிஞ்சுது.

முதல் எழுத்தைப் பெருசாக்குற ஃபங்ஷனைப் பேர் மேல ஓட்டாதீங்க. "தெ லா ஃபுவெந்தே"ல தெயும் லாவும், முன்னாடி சொந்தப் பேர் இருந்தா சின்ன எழுத்துலதான் வரணும். ஆனா சர்நேமை மட்டும் தனியா எழுதினா தெ பெரிய எழுத்தாகும், ஸ்பானிஷ் மொழிக்கு விதி வகுக்கிற அகாதெமி சொல்றதே அதுதான். ஆக ஒரே பேர் இடத்தைப் பொறுத்து மாறுது. ஆள் டைப் பண்ணதை அப்படியே வைங்க, காட்டும்போது மட்டும் தேவைன்னா மாத்துங்க. எல்லாத்தையும் கேப்பிட்டலாக்கி சேவ் பண்றது அதைவிட மோசம், அதுக்கப்புறம் பழையபடி திரும்பி வர வழியே இல்லை.

பேரை வச்சு ஆணா பெண்ணான்னு ஊகிக்கிறதும் வேண்டாம். மரியா ஹோசே பெண், ஹோசே மரியா ஆண்.

4. டேட்டாபேஸ்: எஞே படுத்துற பாடு

எஞேங்கிறது அலங்காரம் வச்ச ஆங்கில 'என்' கிடையாது, தனி எழுத்து. பெஞான்னா பாறை, அது ஒரு சர்நேம். அந்த அலைக்கோட்டை எடுத்தா பெனா, துக்கம்னு அர்த்தம். ஒருத்தர் சம்பளச் சீட்டுல பாறைக்குப் பதிலா துக்கம்னு அச்சடிச்சுக் குடுத்தா அவர் மூஞ்சி எப்படி இருக்கும்?

எழுத்துத் தொகுப்பு (எந்த எழுத்தை எந்த பைட்டா சேமிக்கிறதுங்கிற முறை) யுடிஎஃப்-8, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ்னா அதுல நாலு பைட் ரகம். பழைய ஆரக்கிள் டேட்டாபேஸ்ல ஃபீல்டோட அளவை பைட்ல எண்ணுதா எழுத்துல எண்ணுதான்னு பாருங்க, எஞேவுக்கு ரெண்டு பைட் ஆகும். அப்புறம் ஒரே எஞேவை ரெண்டு விதமா எழுதலாம்: ஒரே எழுத்தா, இல்லன்னா 'என்' எழுத்தும் மேல ஒட்டுற அலைக்கோடும் தனித்தனியா. கண்ணுக்கு ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு வேற வேற. உள்ள வரும்போதே என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது ரெண்டையும் ஒரே எழுத்தாச் சேர்க்கிற யூனிகோட் வடிவத்துக்கு மாத்திடுங்க. என்எஃப்கேசி வேண்டாம், ஒரு எழுத்துதான் வித்தியாசம்னு நினைச்சு நான் அதைப் போட்டேன், மரியாச் சுருக்கத்துல மேல தொங்கிட்டிருந்த குட்டி ஏ எல்லாம் கீழ இறங்கி "மா"ன்னு ஆயிடுச்சு.

வரிசைப்படுத்த ஸ்பானிஷுக்குன்னு இருக்கிற கொலேஷனை (அகர வரிசை விதி) எடுங்க, அதுல எஞே 'என்'னுக்கு அப்புறம் தனியா வரும். மைஎஸ்கியூஎல்ல "பாரம்பரிய ஸ்பானிஷ்"னு இன்னொண்ணும் இருக்கு, அதுல சிஎச், எல்எல் ரெண்டையும் தனி எழுத்தாக் கணக்கு பண்ணும், அந்த வழக்கத்தை 1994-லயே அகாதெமிகள் விட்டுட்டாங்க, தெரியாம அதை எடுத்துடாதீங்க.

5. பழைய டேட்டாவைப் பிரிக்கிறது: இங்கதான் நேரமும் காசும் போகும்

முதல்ல ஒண்ணு கேளுங்க: "பேர் தனித்தனி ஃபீல்டா இருக்கிற ஃபைல் வேற எங்கயாவது இருக்கா?" நாங்க கேக்கல. பழைய சம்பள சாஃப்ட்வேர்ல மூணு ஃபீல்டாவே இருந்திருக்கு, எங்களுக்கு அனுப்பினவர் பாக்க அழகா இருக்கட்டும்னு ஒட்டி அனுப்பியிருக்கார். இந்த ஒரு மெயில் அனுப்பியிருந்தா ரெண்டு வாரம் மிச்சம்.

அப்படி இல்லன்னா, பேர் எந்த வரிசையில இருக்குன்னு பாருங்க. ஸ்பெயின் ஆஃபீஸ்கள்ல பட்டியல் போட்டா பெரும்பாலும் சர்நேம் ரெண்டும் முன்னாடி, கமா, சொந்தப் பேர் பின்னாடி. கமா இருந்தா அதிர்ஷ்டசாலி நீங்க, பாதி வேலை முடிஞ்சுது. கமா இல்லன்னா நிறுத்துங்க. "மார்த்தின் விசென்தே அலோன்சோ"ன்னு ஒரு வரி வந்துச்சு எங்களுக்கு. மூணு வார்த்தையும் சொந்தப் பேரா வரும், மூணும் சர்நேமாவும் வரும். விசென்தே அலோன்சோ குடும்பத்து மார்த்தினா, இல்ல மார்த்தின் விசென்தே குடும்பத்து அலோன்சோவா? எந்த ஏஐ வச்சாலும் அது சொல்றது ஊகம்தான், உறுதியாச் சொல்ல அந்த ஆளோட அடையாள அட்டை வேணும்.

நாங்க கடைசியில பண்ண முறை இது. கமாவுக்கு முன்னாடி சரியா ரெண்டே வார்த்தை, ரெண்டுலயும் தெ, தெல், லா, இ மாதிரி ஒட்டு எதுவும் இல்லன்னா தானாப் பிரிச்சோம். அப்பவும் ஒரே கூட்டு சர்நேமா இருக்க வாய்ப்பு உண்டு, வெளிநாட்டுக்காரர்னா இன்னும் அதிகம், அதனால "தானாப் பிரிச்சது"ன்னு ஒரு கொடி போட்டு வச்சோம். மீதி எல்லாம் கைவேலை. அதுக்கும் மேல, ஊழியர் அடுத்த தடவை உள்ள வரும்போது "இதுதானே உங்க பேர்?"னு மூணு பெட்டியையும் நிரப்பிக் காட்டி உறுதி பண்ணச் சொன்னோம், அதுல பத்துப் பதினஞ்சு பேர் திருத்தினாங்க. மூலப் பேர் வரியை மட்டும் அழிக்காம தனி ஃபீல்டுல அப்படியே வச்சுக்கோங்க, நான் வைக்கல, அதனால கிளையன்ட்கிட்ட மறுபடி போய் அந்த எக்ஸெல்லைக் கேட்டு நிக்க வேண்டியதாப் போச்சு, அந்தக் கூச்சம் உங்களுக்கு வேண்டாம்.

கிளையன்ட்கிட்ட எஸ்டிமேட் குடுக்கும்போது ஃபார்ம் மாத்துறதுக்கு ரெண்டு நாள்னா, பழைய டேட்டா சரிபார்க்கிறதுக்கு ரெண்டு வாரம்னு தனி வரியாப் போடுங்க. அந்தக் கைவேலையை அவங்க ஹெச்ஆர் பண்ணணும், நீங்க இல்ல. சென்னையில உக்காந்துகிட்டு ஸ்பெயின்காரர் பேரை எங்க வெட்டணும்னு முடிவு பண்றது நம்ம வேலையே கிடையாது.

6. எந்த ஆவணத்தைப் பாத்து நிரப்பணும்

ஸ்பெயின்காரங்களுக்கு டிஎன்ஐங்கிற தேசிய அடையாள அட்டை. எட்டு இலக்கம், கடைசியில ஒரு எழுத்து. எண்ணை 23-ஆல வகுத்து வர்ற மீதியை வச்சு 23 எழுத்துல ஒண்ணை எடுப்பாங்க, உதாரணமா 12345678-க்கு மீதி 14, எழுத்து இசட். இந்தச் சரிபார்ப்பை ஃபார்ம்லயே போட்டுடுங்க, தப்பா அடிச்சது பெரும்பாலும் அங்கயே மாட்டிக்கும். வெளிநாட்டுக்காரங்களுக்கு என்ஐஇங்கிற அடையாள எண், அது எக்ஸ், ஒய், இசட் மூணுல ஒண்ணுல ஆரம்பிக்கும், அதை 0, 1, 2-ஆ மாத்திட்டு அதே கணக்கு.

அட்டை பின்னாடியும் பாஸ்போர்ட் அடியிலயும் மிஷின் படிக்கிற வரிகள் இருக்கும், அதை ஸ்கேன் பண்ணிப் பேர் எடுக்காதீங்க. அதுல சாய்வுக்கோடு கிடையாது, எஞே கிடையாது, இடமும் பத்தாது: பாஸ்போர்ட்ல பேருக்கு 39 இடம், டிஎன்ஐல 30. எண்ணையும் பிறந்த தேதியையும் அங்க எடுத்துக்கலாம், பேரை முன்பக்கத்துல அச்சடிச்சதைப் பாத்துதான் எடுக்கணும்.

இந்த எண்ணையே பிரைமரி கீயா (டேபிள்ல ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டுற மாறாத எண்) வச்சுடலாம்னு தோணும். வேண்டாம். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் ஸ்பெயின் குடியுரிமை வாங்கினா என்ஐஇ போய் புது டிஎன்ஐ எண் வரும். அதோட பொதுவா அவருக்கு ரெண்டு சர்நேமும் பதிவாகணும், ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தவர் அம்மா வழிப் பேரைச் சேர்த்துக்குவார். ஒரே ஆளுக்கு எண்ணும் பேரும் ஒரே நேரத்துல மாறும். எங்க சாஃப்ட்வேர் அவரைப் புது ஊழியர்னு நினைச்சு பணிமூப்பை பூஜ்யத்துல ஆரம்பிச்சிருக்கும், நல்ல வேளை டெஸ்ட்லயே மாட்டுச்சு. உள்ளுக்குள்ள சொந்தமா ஒரு ஐடி, பேருக்கும் எண்ணுக்கும் எந்தத் தேதியில இருந்து எதுவரைக்கும்னு வரலாற்று டேபிள், இது ரெண்டும் முதல் நாளே வேணும்.

7. வெளிய அனுப்புற ஃபைல்கள்

ஸ்பெயின்ல பிடித்தம் பண்ண வரியோட வருஷக் கணக்கு மொதேலோ 190, ஜனவரி மாசம் முழுக்க டைம். இதுல பேருக்கான இடம் 40 எழுத்து, முதல் சர்நேம், ரெண்டாவது சர்நேம், சொந்தப் பேர்னு இதே வரிசையில, எல்லாம் கேப்பிட்டல், உயிரெழுத்து மேல சாய்வுக்கோடு இல்லாம. ஆனா எஞே மட்டும் எஞேவாவே இருக்கணும், ஐஎஸ்ஓ 8859-1ங்கிற பழைய ஒரு பைட் எழுத்துத் தொகுப்புல அதோட மதிப்பு 209.

எங்க ஃபைல்ல என்ன ஆச்சு தெரியுமா? யுடிஎஃப்-8ல எழுதிட்டோம். இடம் கணக்கு பண்ணி அடுக்குற ஃபைல் இது, எஞே ரெண்டு பைட் ஆனதும் அந்த வரியில அதுக்கப்புறம் இருக்கிறதெல்லாம் ஒரு இடம் தள்ளிப் போயிடுச்சு. முஞோஸ், நூஞெஸ், பெஞா, இவங்க வரி மட்டும் வரிசையா எர்ரர், மத்தவங்க எல்லாம் பாஸ். சம்பளத் தொகை தப்புன்னு மெசேஜ் வருது, நாங்க ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சம்பளக் கணக்கைத் தோண்டிக்கிட்டு இருக்கோம். பேர்ல இருக்கிற அலைக்கோடுதான் காரணம்னு யாருக்குத் தோணும்?

நீளப் பேரும் இங்கதான் பழிவாங்கும். "தெ லா ஃபுவெந்தே ஃபெர்னாந்தெஸ் தெ கோர்தோபா மரியா தெல் கார்மென்", லத்தீன் எழுத்துல ஸ்பேஸோட எண்ணினா 50. நாப்பதுல வெட்டினா மரியாவோட நின்னுடும், கார்மென் காணாமப் போயிடுவாங்க. இந்த வெட்டை ஃபைல் எழுதுற இடத்துல மட்டும் பண்ணுங்க, டேபிள்ல முழுசா இருக்கட்டும். இந்த ஃபைல் அனுப்புற வேலையை நவம்பர்லயே போன வருஷ டேட்டா வச்சு ஒத்திகை பாத்துடுங்க. ஜனவரி 28-ந் தேதி பாக்க ஆரம்பிச்சா எங்க கதிதான்.

பேங்க் பக்கம் இன்னொண்ணு. 2025 அக்டோபர் 9-ல இருந்து யூரோ நாடுகள்ல பணம் அனுப்புறதுக்கு முன்னாடி ஐபான் எண்ணும் (பேங்க் அக்கவுன்ட் எண்) பேரும் பொருந்துதான்னு பேங்க் பாத்துச் சொல்லணும். "மரியா கார்சியா"ன்னு பாதியா அனுப்பினா "கிட்டத்தட்டப் பொருந்துது"ன்னோ "பொருந்தல"ன்னோ வரும், சம்பள நாளன்னிக்கு அந்த எச்சரிக்கையைப் பாத்துட்டு அக்கவுன்ட்ஸ்ல போன் அடிப்பாங்க. அக்கவுன்ட் யார் பேர்ல எப்படி இருக்குன்னு தனி ஃபீல்டுல வாங்கி வைங்க.

சிஎஸ்வி அனுப்புறீங்கன்னா, ஸ்பெயின் எக்ஸெல் கமாவை தசமப் புள்ளியா வச்சிருக்கும், அதனால ஃபீல்டு பிரிக்க அரைப்புள்ளி எதிர்பார்க்கும். யுடிஎஃப்-8 ஃபைலுக்கு முன்னாடி பிஓஎம் (எந்த எழுத்துத் தொகுப்புன்னு காட்டுற அடையாள பைட்) போடலன்னா எஞே இருக்க வேண்டிய இடத்துல தலையில அலைக்கோடு போட்ட ஏவும் பக்கத்துல பிளஸ்-மைனஸ் குறியும் வந்து நிக்கும். அதைப் பாத்தவுடனே என்கோடிங் கோளாறுன்னு புரிஞ்சுக்கோங்க, டேட்டாபேஸைப் போய் கிண்டாதீங்க.

8. தேடலும் டூப்ளிகேட்டும்

வைக்கிறதுல கறாரா இருங்க, தேடறதுல தாராளமா இருங்க. சாய்வுக்கோடு இல்லாம, எஞேவுக்குப் பதிலா வெறும் 'என்' எழுத்து போட்டு, பெரிய எழுத்து சின்ன எழுத்து எப்படி அடிச்சாலும் ஆள் கிடைக்கணும். அதுக்குன்னு குறியெல்லாம் உதிர்த்த தேடல் ஃபீல்டு ஒண்ணு தனியா வச்சுக்கலாம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்னா அனக்ஸென்ட் எக்ஸ்டென்ஷன் இருக்கு. அந்த ஃபீல்டை ஒருநாளும் ஸ்க்ரீன்ல காட்டாதீங்க. முதல் சர்நேம், ரெண்டாவது, சொந்தப் பேர் மூணுலயும் எந்த வரிசையில அடிச்சாலும் தேடுங்க.

டூப்ளிகேட் பிடிக்க பேரையும் முதல் சர்நேமையும் மட்டும் பாத்தா அப்பாவையும் மகனையும் ஒண்ணாக்கிடுவீங்க. ஹுவான் கார்சியா லோபெஸ் அப்பா, ஹுவான் கார்சியா ரூயிஸ் மகன், ரெண்டு பேரும் ஒரே ஹோட்டல்ல வேலை. ரெண்டாவது சர்நேம்தான் பிரிச்சுக் காட்டுது.

இன்னொண்ணு, பாஸ்வேர்ட் மறந்தவங்ககிட்ட "அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின சர்நேம் என்ன?"னு கேக்கிற பாதுகாப்புக் கேள்வியை இந்த நாடுகளுக்கு எடுத்துடுங்க. பதில் பெரும்பாலும் அவங்க பேர்லயே அச்சடிச்சிருக்கு. எங்க சாஃப்ட்வேர்ல இது இருந்துச்சு, சிரிச்சுக்கிட்டே அந்த ஹெச்ஆர் அம்மாதான் சொன்னாங்க.

9. மெயில்ல எப்படிக் கூப்பிடுறது

சென்யோர், சென்யோரா போட்டா சர்நேம். தோன், தோஞான்னு (ஆணுக்கும் பெண்ணுக்கும் மரியாதைச் சொல்) போட்டா சொந்தப் பேர், முழுப்பேர் கூடவும் வரும். தோன் கார்சியான்னு சர்நேமை மட்டும் ஒட்டினா நாடகத்தனமா இருக்கும். சொந்தப் பேரை முதல் வார்த்தையில வெட்டாதீங்க, மரியா தெல் கார்மெனை யாரும் மரியான்னு கூப்பிட மாட்டாங்க, கார்மென் இல்ல மாரி கார்மென். சந்தேகமா இருந்தா "எப்படிக் கூப்பிடணும்" பெட்டியைப் பாருங்க, அது காலியா இருந்தா சொந்தப் பேரை முழுசாப் போடுங்க.

10. ஸ்பெயின் தாண்டினா

போர்ச்சுகல், பிரேசில்ல வழக்கமான வரிசை தலைகீழ், அம்மா வழி முன்னாடி, அப்பா வழி கடைசியில. கிறிஸ்தியானோ ரொனால்டோ தோஸ் சாந்தோஸ் அவெய்ரோவுல அவெய்ரோதான் அப்பா வழி. ஸ்பெயின் லாஜிக்கை அப்படியே காப்பி அடிச்சுடாதீங்க. அர்ஜென்டினாவுல ஒரே சர்நேமோட இருக்கவங்க ரொம்ப சகஜம். மெக்ஸிகோவுல குர்ப்னு 18 எழுத்து அடையாள எண், அதுல முதல் நாலு எழுத்து பேர்ல இருந்தே எடுக்கிறது: முதல் சர்நேமோட முதல் எழுத்து, அதுக்கடுத்து உள்ள வர்ற முதல் உயிரெழுத்து, ரெண்டாவது சர்நேமோட முதல் எழுத்து, சொந்தப் பேரோட முதல் எழுத்து. முதல் பேர் ஹோசே, மரியான்னா அதைத் தாண்டி அடுத்த பேருக்குப் போவாங்க, எஞே வந்தா எக்ஸ், ரெண்டாவது சர்நேம் இல்லன்னாலும் எக்ஸ். பேர் பிரிச்சது சரியான்னு பாக்க இது நல்ல கருவி, நாலு எழுத்து பொருந்தலன்னா எங்கயோ தப்பா வெட்டியிருக்கீங்க. ஸ்பெயின் டிஎன்ஐக்கு அந்த வசதி இல்லை, அது வெறும் எண்.

11. யாராவது "என் பேர் தப்பா இருக்கு"ன்னு எழுதினா

டிக்கெட்டை "லோ ப்ரியாரிட்டி"ல தூக்கிப் போடாதீங்க. ஐரோப்பியத் தரவுச் சட்டத்துல 16-வது பிரிவு, தப்பான விவரத்தைத் திருத்தச் சொல்ற உரிமை. பதில் சொல்ல பொதுவா ஒரு மாசம் டைம். "எங்க சிஸ்டம்ல அந்தக் குறி வராது"ங்கிற சாக்கும் எடுபடாது: 2019-ல பெல்ஜியத்துல ஒரு பேங்க் பழைய மெயின்ஃப்ரேமைக் காட்டி அதையே சொல்லிச்சு, பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாடிக்கையாளர் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு.

நடைமுறையில திருத்துறது இப்படி: அட்டையோட முன்பக்கக் காப்பி வாங்கி ஒப்பிடுங்க, மூணு ஃபீல்டையும் திருத்துங்க, பழைய பேரை வரலாற்று டேபிள்ல தேதியோட வைங்க, தேடல் ஃபீல்டைப் புதுப்பிங்க, அப்புறம் பேங்க் ஃபைல், வரி ஃபைல், மெயில் ஐடி இந்த மூணுக்கும் தகவல் போச்சான்னு பாருங்க. ஏற்கெனவே அனுப்பின மொதேலோ 190-ல தப்பு இருந்தா அதைக் கிளையன்ட்டோட வரி ஆலோசகர்கிட்ட விட்டுடுங்க, நீங்களா எதுவும் திருத்தி அனுப்ப வேண்டாம். காப்பியை வேலை முடிஞ்சதும் அழிச்சிடுங்க. எங்க ஷேர்டு ஃபோல்டர்ல அறுபது டிஎன்ஐ படம் நாலு மாசமாக் கிடந்ததை லீட் பாத்த அன்னிக்கு நான் லீவுல இருந்தேன், அது வரைக்கும் புண்ணியம்.